எல்லாக் கட்டமும் பச்சை, நான்காம் மாதம் தண்ணீர்: ஒரு கிடைமட்டக் கிணற்றின் ஆய்வு

நான்காம் மாதம் எண்ணெய்க் கிணற்றில் தண்ணீர் ஏறிவிட்டது. பதினெட்டு மாதத்துக்கு வராது என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன். கிண்டியில் எங்கள் அலுவலக மேசைமேல் அதே கிணற்றின் மதிப்பீட்டு அறிக்கை கிடந்தது. துளையிட எடுத்த நாட்கள், ஓட்டிய மீட்டர், மணலுக்குள் இருந்த நீளம், வீணான ரிக் (துளையிடும் கோபுரம்) நேரம் என்று அதில் இருந்த எல்லாக் கட்டமும் பச்சை. வெற்றிகரமான கிணறு என்று ஏற்கெனவே பாராட்டும் வாங்கியிருந்தது.

அந்தப் பச்சைக்கும் இந்தத் தண்ணீருக்கும் நடுவே என்ன நடந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். கிணறு காவிரிப் படுகையில், முன்பே உற்பத்தியில் இருந்த ஒரு வயலில் போட்டது. எந்த வயல், எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. கிணற்றை அடையாளம் காண முடியாதபடி எண்களைச் சற்று நகர்த்தியும் இருக்கிறேன். ஆனால் கணக்கு உள்ளபடி நிற்கும். யார் வேண்டுமானாலும் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். டெல்டாவில் எண்ணெய்க் கிணறு போட எப்படி விட்டார்கள் என்று கேட்பவர்களுக்கு: புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது 2020-இல். இது அதற்கு முந்தைய கிணறு.

ஏன் படுக்கவைத்தோம்

பூமிக்கடியில் 2,100 மீட்டருக்கும் கீழே ஒரு மணற்பாறை. அதில் மேல் 9 மீட்டரில் எண்ணெய். அதற்குக் கீழே அதே மணலில் தண்ணீர், நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. பக்கத்தில் எண்பதுகளின் கடைசியில் போட்ட செங்குத்துக் கிணறு ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்து, பிறகு தண்ணீர் ஏறி மூடப்பட்டிருந்தது.

இந்தச் சிக்கலைச் சென்னைக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. திருவான்மியூரிலோ பெசன்ட் நகரிலோ கடலோர வீட்டில் கிணறு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், வாளியில் மெதுவாக இறைத்தால் நல்ல தண்ணீர், மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு. ஒரே புள்ளியில் பலமாக இழுத்தால் கீழே இருப்பது கூம்பாக எழும்பி வரும். எண்ணெய்க் கிணற்றிலும் அதேதான். செங்குத்துக் கிணறு 9 மீட்டர் மணலைத் தொட்டுக்கொண்டு முழு உற்பத்தியையும் அந்த 9 மீட்டரிலிருந்தே இழுக்கிறது. அதே இழுப்பை 600 மீட்டர் நீளத்துக்குப் பரப்பினால், ஒவ்வொரு மீட்டரும் மிகக் கொஞ்சமாகத்தான் இழுக்கும். தண்ணீர் எழும்ப அவசரம் இருக்காது.

இத்தாலிக்குக் கிழக்கே ஏட்ரியாட்டிக் கடலில் ரோஸ்போ மாரே வயலில் எல்ஃப் நிறுவனம் 1982-இல் போட்ட கிணறு இதைத்தான் நிரூபித்தது. கெட்டியான எண்ணெய், அடியில் தண்ணீர். செங்குத்துக் கிணறுகளால் பயனில்லாத இடத்தில் படுத்த கிணறு பல மடங்கு கொடுத்தது. கிடைமட்டத் துளை அதற்கு வெகுகாலம் முன்பே, 1929-இல் டெக்சஸின் டெக்ஸானில் போடப்பட்டதுதான். ஆனால் அதற்குத் தகுந்த பாறை எது என்ற புரிதல் எண்பதுகளில்தான் கனிந்தது.

மாற்று வழிகளையும் பார்த்தோம். செங்குத்தாகப் போட்டுப் பாறையை அழுத்தத்தால் பிளப்பது இங்கே தற்கொலை, பிளவு நேரே தண்ணீருக்குள் போய் நிற்கும். மணலுக்கு நடுநடுவே களிப்பாறை அடுக்கடுக்காக இருந்திருந்தால் நானே கிடைமட்டம் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஏனென்றால் படுத்த கிணறு ஓர் அடுக்கை மட்டுமே தொடும். இங்கே மணல் ஒரே கட்டியாக இருந்தது. முடிவு சரி, அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

எத்தனை மடங்கு

சதா ஜோஷி 1988-இல் வெளியிட்ட சமன்பாட்டை இந்தத் துறையில் எல்லோரும் முதலில் எடுப்பார்கள். செங்குத்துக் கிணற்றோடு ஒப்பிட்டால் படுத்த கிணற்றின் உற்பத்தித் திறன் எத்தனை மடங்கு என்று அது சொல்லும். நீளம் 600 மீட்டர், மணலின் தடிமன் 9 மீட்டர், செங்குத்து ஊடுருவு திறன் (பாறை வழியே எண்ணெய் மேல்கீழாக ஓடும் எளிமை) கிடைத் திறனில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்தோம். விடை 5.1 மடங்கு.

இதில் தங்கி யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. நீளத்தை 600-இலிருந்து 330-ஆகக் குறைத்துப் போடுங்கள். கிட்டத்தட்டப் பாதி நீளம் போய்விட்டது, விடை மட்டும் 3.7-இல் நிற்கும். இப்போது நீளத்தை 600-ஆகவே வைத்து, செங்குத்து ஊடுருவு திறனை நூற்றில் ஒரு பங்கு என்று மாற்றுங்கள். விடை 3.9. அதாவது மணலுக்குள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய களிப் படலங்கள் இருந்தாலே, பாதிக் கிணற்றை வெட்டி எறிந்ததற்குச் சமமான இழப்பு. ஆனாலும் திட்டக் கூட்டங்களில் எல்லோரும் சண்டை போடுவது நீளத்துக்காகத்தான். 600 போதுமா, 800 போகலாமா என்று இரண்டு கூட்டம் பேசினோம். மணலின் செங்குத்துத் திறனை அளக்கக் கோர் மாதிரி (வெட்டி எடுத்த பாறைத் துண்டு) இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

நீளத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாங்கள், கிணறு எந்த மட்டத்தில் ஓட வேண்டும் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டோம்: மணலின் கூரையிலிருந்து 2.5 மீட்டர் கீழே, தண்ணீரிலிருந்து 6.5 மீட்டர் மேலே.

வளைவு

கிணற்றை நேராக இறக்கி, பிறகு வளைத்துப் படுக்கவைக்க வேண்டும். 1,719 என்ற எண்ணை 30 மீட்டருக்கு எத்தனை டிகிரி வளைக்கிறோம் என்பதால் வகுத்தால் வளைவின் ஆரம் கிடைக்கும். நாங்கள் 6 டிகிரி வைத்தோம், ஆரம் 286 மீட்டர். துளைக் குழாயின் நுனியில் திசை திருப்பும் மோட்டாரை முழு பலத்தில் வைத்தால் 8 டிகிரி வரை போகும், அப்போது 215 மீட்டர். கடல்மட்டத்துக்குக் கீழே 2,140 மீட்டரில் மணலின் கூரை, 2,142.5-இல் கிணறு படுக்கும், 2,149-இல் தண்ணீர். திட்டப்படி கூரையைத் தொடும்போது சாய்வு (நேர்க்குத்திலிருந்து அளப்பது, 90 என்றால் முழுக்கப் படுத்தது) 82 டிகிரியைத் தாண்டியிருக்கும்.

படத்தில் பார்க்க அழகான, ஒரே சீரான வளைவு. முதலில் ஒரு சோதனைத் துளையை நேராக இறக்கி மணலையும் தண்ணீரையும் தொட்டுப் பார்த்துவிட்டு வளைக்கலாம் என்ற யோசனை வந்தது. ஆறு நாள் ரிக் வாடகை என்பதால் எடுத்துவிட்டார்கள். 84 டிகிரியில் சாய்வை நிறுத்தி, கூரை தட்டுப்படும் வரை அதே சாய்வில் போகலாம் என்பது இரண்டாவது யோசனை. நூறு மீட்டருக்கு மேல் கூடுதலாகத் துளையிட வேண்டியிருக்கலாம் என்று அதுவும் போயிற்று. அதற்கு நான் வாதாடியிருக்க வேண்டும். வாதாடாமல் விட்டதன் விலை என்ன என்பதைப் பின்னால் கணக்காகவே காட்டுகிறேன்.

துளைத்தூள் வெளியேற்றம், முறுக்குவிசை, குழாய் நெளிதல் எல்லாவற்றையும் முறைப்படி பார்த்தோம். அவற்றில் ஒரு குறையும் வரவில்லை. திசை அளவீட்டிலும் அப்படியே. தமிழ்நாட்டில் இதற்கு ஓர் இயற்கைச் சலுகை உண்டு. காந்த நிலநடுக்கோடு நம் தென்கோடிக்குப் பக்கத்தில் போவதால் பூமியின் காந்தப் புலம் இங்கே ஏறக்குறையப் படுத்தே இருக்கிறது. காந்தத்தை வைத்துத் திசை பார்க்கும் கருவிக்கு இது நல்ல செய்தி. வடகடலில் வேலை பார்த்து வந்த நண்பர்கள் நம்மூர் அளவீடுகளைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள்.

அந்த இரவு

டிசம்பர் மழை. ரிக்கிலிருந்து வரும் அளவீடுகள் கிண்டியில் எங்கள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. காமா ரே கோடு (பாறையின் இயற்கைக் கதிரியக்கம், களிப்பாறையில் அதிகம், மணலில் குறைவு) களிப்பாறையில் 110-ஐ ஒட்டி ஆடிக்கொண்டிருந்தது. அதிகாலை இரண்டே முக்கால் இருக்கும். கோடு சரியத் தொடங்கி, சில நிமிடங்களில் 50-க்கு வந்து நின்றது. போன் அடித்தது.

"சார், மணல் வந்துடுச்சு. நம்ம கணக்குக்கு அஞ்சு மீட்டர் முன்னாடியே."

"பிட் எங்கே இருக்கு?"

"சென்சாருக்குப் பதினாலு மீட்டர் முன்னால சார். இங்கே எம்பது டிகிரி."

இந்தப் பதினாலு மீட்டரைக் கவனியுங்கள். கருவியின் கண் துளையிடும் முனையான பிட்டிலேயே இல்லை, பின்னால் இருக்கிறது. கண் மணலைப் பார்க்கும்போது பிட் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். 5 மீட்டர் முன்னதாகக் கூரை வந்ததால் அதைத் தொட்டபோது சாய்வு 77 டிகிரிதான். அங்கிருந்து பதினாலு மீட்டர் போனதில் ஆழத்தில் 2.8 மீட்டர் இறங்கியாயிற்று. இனி முழு பலத்தில் வளைத்தாலும் 80-இலிருந்து 90-க்கு வர இன்னும் 3.3 மீட்டர் இறங்கியே தீரும். ஆக, கூரைக்கு 6 மீட்டர் கீழே, 2,141-இல் படுத்தது.

திட்டம் 2.5, வந்தது 6. பதறியிருக்க வேண்டும். நாங்கள் சந்தோஷப்பட்டோம். காரணம் இதுதான்: மணலின் கூரை 5 மீட்டர் மேலே இருக்கிறது, தண்ணீர் 2,149-இலேயே இருக்கும், ஆகவே எண்ணெயின் தடிமன் 9 இல்லை, 14. நாம் தண்ணீரிலிருந்து 8 மீட்டர் மேலே இருக்கிறோம், திட்டத்தைவிடப் பாதுகாப்பு. கூரைக்குப் பக்கத்தில் ஏறினால் களிப்பாறையில் இடித்துக்கொள்ளும் அபாயம், அது எதற்கு? அந்த மட்டத்திலேயே 350 மீட்டர் ஓட்டினோம். பிறகு மெல்ல ஏற்றி, மீதி 250 மீட்டரைக் கூரையிலிருந்து திட்டமிட்ட தூரத்துக்குக் கொண்டுவந்து முடித்தோம். 600-இல் 580 மீட்டர் மணலுக்குள். 97 சதவீதம். அறிக்கையில் அந்தக் கட்டம் பச்சையிலும் பச்சை.

5 மீட்டர் எங்கிருந்து வந்தது

தண்ணீர் வந்த பிறகுதான் மறுஆய்வு என்னிடம் வந்தது. முதல் சந்தேகம் எங்கள் சர்வேமேல். வளைவு முழுக்க அரை டிகிரி ஒரே பக்கமாகத் தப்பியிருந்தால்கூட ஆழத்தில் வரும் பிழை ஆரத்தை அந்தக் கோணத்தால் பெருக்கியதுதான், 2.5 மீட்டர். கருவியின் தொய்வுத் திருத்தத்தையும் போட்டிருந்தோம். குழாய் இழுபட்டு நீள்வதில் ஓரிரு மீட்டர். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால்தான் 5 வரும், அதற்கான அறிகுறி இல்லை.

அப்படியானால் மணல் உண்மையிலேயே மேடாக இருந்ததா? இருந்திருந்தால் தண்ணீர் 8 மீட்டர் கீழே, நான்காம் மாதம் வந்திருக்க முடியாது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. மூன்று வாரம் இதே இடத்தில் சுற்றினோம்.

விடையைக் கண்டுபிடித்தது எங்கள் குழுவில் இருந்த இளம் பொறியாளர், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவர். பழைய செங்குத்துக் கிணற்றின் காகித லாக்கை (ஆழவாரியான அளவீட்டுப் பதிவை) தேடி வரவழைத்திருந்தார். மடிப்பு மடிப்பாக மஞ்சளேறிய நீளக் காகிதம், பிரித்தால் மேசை போதாமல் தரைக்குப் போனது. எல்லோரும் மணல் இருக்கும் ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தலைப்புப் பகுதியில் விரலை வைத்தார்.

"சார், இங்கே பாருங்க. கேபி எட்டு புள்ளி ஒம்பது. ஜிஎல் மூணு புள்ளி எட்டு. ஆழம் கேபியிலிருந்து அளந்ததுன்னு போட்டிருக்கு."

"ஆமாம்மா, அப்படித்தான் அளப்பாங்க."

"நம்ம ஷீட்ல மூணு புள்ளி எட்டைத்தான் சார் கழிச்சிருக்கோம்."

அவ்வளவுதான். கேபி என்பது ரிக் மேடையில் குழாயைச் சுழற்றும் கெல்லி புஷிங், ஜிஎல் என்பது தரைமட்டம். பழைய ரிக்கின் மேடையிலிருந்து அளந்த ஆழம் 2,144. அதைக் கடல்மட்டத்துக்கு மாற்ற 8.9 கழிக்க வேண்டும், 2,135 வரும். யாரோ, எப்போதோ, தரைமட்ட எண்ணான 3.8-ஐக் கழித்து 2,140 என்று ஷீட்டில் போட்டிருக்கிறார்கள். நில அதிர்வு வரைபடத்தையும் அந்த எண்ணை வைத்தே ஆழத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். பத்துப் பதினைந்து பேர் கைமாறிய ஷீட்டில் அது மறுபடி சரிபார்க்கப்படவே இல்லை.

எனவே கூரை மேடாக இல்லை. கூரை, தண்ணீர் இரண்டுமே வரைபடத்தில் 5 மீட்டர் கீழே வரையப்பட்டிருந்தன. தண்ணீர் உண்மையில் 2,144-இல். நாங்கள் 2,141-இல் ஓடினோம். 8 மீட்டர் என்று நினைத்தது 3 மீட்டர்.

அந்த இரவு போனில் 5 மீட்டர் என்று கேட்டதும் இரண்டு கேள்வி எழுந்திருக்க வேண்டும்: பாறை நகர்ந்ததா, அளவுகோல் நகர்ந்ததா? பாறை என்றால் தண்ணீர் தூரம், அளவுகோல் என்றால் தண்ணீர் பக்கம். இரண்டுக்கும் திரையில் தெரியும் அடையாளம் ஒன்றுதான். எது என்று தெரியாதபோது பக்கத்தில் இருப்பதாக எடுத்துக்கொண்டு ஏறியிருக்க வேண்டும். நாங்கள் இனிப்பான விளக்கத்தை எடுத்துக்கொண்டோம்.

18 ஏன் 4 ஆனது

நீளமான கிணற்றை நோக்கித் தண்ணீர் எழும்பும்போது, அது வந்து சேரும் காலம் தோராயமாக இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் கிணற்றுக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள எண்ணெயின் குறுக்குவெட்டுப் பரப்பை முதலில் இழுத்துத் தீர்க்க வேண்டும், பரப்பு வர்க்கமாகத்தானே ஏறும். 6.5-க்கு 18 மாதம் என்றால் 3-க்கு? மூன்றை ஆறரையால் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.21. பதினெட்டில் அது 3.8 மாதம். கிணறு வாக்குத் தவறவில்லை. நாங்கள் வைத்த இடத்துக்கு உரிய நேரத்தில்தான் தண்ணீர் வந்தது.

உற்பத்திச் சோதனையில் இன்னொரு விஷயமும் கிடைத்தது. 5.1 மடங்கு எதிர்பார்த்தோம், வந்தது 4. மணலின் செங்குத்துத் திறன் குறைவு, அதனால்தான் என்று ஒரு விளக்கம் அறிக்கையில் இருந்தது. எண் பொருந்துகிறது, மேலே பார்த்தபடி 3.9 வரும். ஆனால் செங்குத்துத் திறன் அவ்வளவு குறைவாக இருந்தால் தண்ணீரும் மெதுவாகத்தான் ஏறியிருக்கும். அது மெதுவாக ஏறவில்லை. ஆகவே காரணம் துளைச் சுவரில் படிந்த மட் (துளையிடும்போது செலுத்தும் சேற்றுக் கரைசல்) ஏற்படுத்திய சேதமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். திரும்பக் கணக்கிட்டால் சேத எண் (அந்த அடைப்பு எவ்வளவு என்பதன் அளவு) 10-க்குப் பக்கத்தில் வருகிறது. செங்குத்துக் கிணற்றில் இதே சேதம் இருந்தால் உற்பத்தி பாதிக்கும் கீழே போயிருக்கும். படுத்த கிணறு நீளத்தால் அதைத் தாங்கி, ஐந்தில் ஒரு பங்கு சொச்சத்தை மட்டுமே இழந்தது. இப்படி ஒரு அளவீட்டை இன்னொன்றோடு மோதவிட்டுப் பார்ப்பதுதான் மதிப்பீடு என்று நான் நம்புகிறேன். தனித்தனிக் கட்டத்தில் போட்டு வண்ணம் பூசினால் இது தெரியாது.

இப்போது அந்த 84 டிகிரி யோசனைக்கு வருகிறேன். அந்தச் சாய்வில் கூரையைத் தேடிக்கொண்டு போயிருந்தால், கண் பதினாலு மீட்டர் பின்னால் இருந்தாலும் பிட் 1.5 மீட்டர்தான் இறங்கியிருக்கும். அங்கிருந்து படுக்கவைக்க 1.2 மீட்டர். கூரையிலிருந்து 2.7-இல், ஏறக்குறையத் திட்டமிட்ட இடத்திலேயே நின்றிருக்கும். கேபி தவறு அப்படியே இருந்தாலும், யாரும் அதைக் கண்டுபிடிக்காமலே போயிருந்தாலும், கிணறு பிழைத்திருக்கும். கூரையின் ஆழத்தில் முன்பின் 6 மீட்டர் சந்தேகம் என்று வைத்தால் அதிகபட்சக் கூடுதல் செலவு 115 மீட்டர் துளை, எங்கள் ரிக்குக்கு ஒன்றரை நாள்.

மறுஆய்வுக் கூட்டத்தில் நான் கேட்டது இரண்டு. அறிக்கையில் தண்ணீரிலிருந்து உள்ள தூரத்துக்கு ஒரு கட்டம் வேண்டும், அந்தத் தூரத்தில் எவ்வளவு சந்தேகம் என்பதோடு சேர்த்து. இரண்டாவது, ஒவ்வொரு கட்டத்துக்கும் எது பச்சை, எது சிவப்பு என்பதைத் துளையிடுவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட வேண்டும். முதலாவதை உடனே ஏற்றார்கள். இரண்டாவதுக்கு நெடுநேரம் விவாதம். முடிந்த கிணற்றை மறுபடி சிவப்பாக்குவானேன் என்று ஒருவர் கேட்டார். அடுத்த கிணற்றின் சூத்திரங்களும் இதே ஷீட்டிலிருந்துதான் போகின்றன என்றேன்.

கிணற்றின் சோக்கை (ஓட்டத்தை மட்டுப்படுத்தும் வால்வை) குறைத்து, மெதுவாக ஓட விட்டிருக்கிறார்கள். எண்ணெயும் தண்ணீருமாக வந்துகொண்டிருக்கிறது. அதே வயலில் அடுத்த கிணற்றுக்கான திட்டம் எங்களிடம் வந்தபோது, அந்த இளம் பொறியாளர் பழைய கிணறுகளின் லாக் தலைப்புகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து ஷீட்டில் ஒட்டினார். ஒரு கிணற்றுக்குக் கேபி எண்ணே இல்லை. காகிதத்தின் அந்த மூலை கிழிந்திருந்தது. நில அளவையாளர் ஒருவரை ஜிபிஎஸ் கருவியோடு அனுப்பி, கிணற்றுத் தலையின் உயரத்தை அளந்து வரச் சொன்னோம். அவர் அளந்து வரும் வரை திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை.